வயலில் நிற்கும் டேட்டா லாகர்: மேசையிலிருந்து மழைக்காலம் வரை

வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், மழை மூன்றையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே குறித்துவைக்கும் டேட்டா லாகர் என்ற கருவியைச் செய்து, வயலில் நிறுத்தி, ஒரு வருடமாவது ஓட்டுவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். பாகங்களை வாங்கி இணைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. புதிதாகச் செய்கிறவர்கள் அந்த ஞாயிறு சாயங்காலமே அதைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்கள். நான் பார்த்தவரை கெட்டுப்போன லாகர்களில் பெரும்பாலானவை அந்தச் சாயங்காலமே கெட்டுப்போனவைதான். தெரியவந்தது மட்டும் இரண்டு மாதம் கழித்து.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். முதல் எட்டுப் படிகளும் வீட்டுக்குள்ளேயே நடப்பவை.

## 1. கேள்வியை முதலில் எழுதுங்கள்

"சும்மா எல்லாத்தையும் அளந்து வைப்போம்" என்று தொடங்கினால் தப்பான சென்சாரைத்தான் வாங்குவீர்கள். ஒரே ஒரு கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள். என்னுடைய முதல் கேள்வி இது: சம்பா நெல்லில் குலைநோய் வருவதற்கு முன் எத்தனை இரவுகள், எத்தனை மணி நேரம் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது?

இந்த ஒரு வரியே மூன்று முடிவுகளை எடுத்துக்கொடுத்தது. கடையில் முதலில் எடுத்து நீட்டப்படும் டிஹெச்டி11 சென்சார் 20 முதல் 90 சதவீதம் வரைதான் அளக்கும். 90க்கு மேலே என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. ஆக அது முதல் சுற்றிலேயே வெளியே போனது. இரண்டாவது, மணிக்கணக்கு வேண்டுமென்பதால் பத்து நிமிட இடைவெளி போதும். விநாடிக்கு விநாடி அளந்து பேட்டரியைத் தீர்க்க வேண்டியதில்லை. மூன்றாவது, சென்சார் பயிருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், மொட்டைமாடியில் அல்ல.

## 2. வாங்க வேண்டியவை

இஎஸ்பி32 போர்டு (புரோகிராமை ஓட்டும் சின்னக் கணினிப் பலகை) ஒன்று. வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் எஸ்ஹெச்டி31 சென்சார் இரண்டு. டிஎஸ்3231 கடிகார மாட்யூல். 3.3 வோல்ட்டில் ஓடும் மைக்ரோ எஸ்டி மாட்யூல், 8 அல்லது 16 ஜிபி கார்டு இரண்டு. டிப்பிங் பக்கெட் மழைமானி. 18650 லித்தியம் பேட்டரி, சார்ஜர் மாட்யூல், 6 வோல்ட் சோலார் பேனல். ரப்பர் வளையம் வைத்த ஜங்ஷன் பாக்ஸ், கேபிள் கிளாண்ட் (வயர் நுழையும் ஓட்டையை இறுக்கி அடைப்பது), மல்டிமீட்டர். இவற்றோடு சாதாரணக் கண்ணாடி மழைமானி ஒன்றும் நாற்பது பக்க நோட்டு ஒன்றும்.

சென்சார் ஏன் இரண்டு? ஒன்று வயலுக்குப் போகும். மற்றது மூடிய டப்பாவில் அலமாரியில் இருக்கும். ஒரு வருடம் கழித்து வயலில் இருப்பது 4 சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது என்றால் அதைச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும் இல்லையா, அதற்குத்தான்.

டிப்பிங் பக்கெட்டோடு கண்ணாடி மழைமானியும் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். ஆறாவது படியில் சொல்கிறேன்.

## 3. கடிகாரம்

வேறு எதையும் இணைக்கும் முன் கடிகாரத்தை மட்டும் இணைத்து ஓட்டிப் பாருங்கள். வெப்பநிலை அரை டிகிரி தப்பினால் பிற்பாடு கழித்துக்கொள்ளலாம். நேரம் தப்பினால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை.

டிஎஸ்3231 நல்ல சிப். 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்துக்கு இரண்டு பங்குதான் பிசகும். வருடத்துக்கு ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். விலை குறைவென்று டிஎஸ்1307 வாங்கினால் மாதத்துக்கு ஒரு நிமிடம் ஓடிவிடக்கூடும்.

மாட்யூலில் ஒரு சிக்கல் உண்டு. நம் கடைகளில் கிடைக்கும் பல டிஎஸ்3231 மாட்யூல்களில், ரீசார்ஜ் செய்யும் பட்டன் செல்லுக்கென்று ஒரு சார்ஜிங் பாதை இருக்கும். ஆனால் நாம் போடுவது ரீசார்ஜ் ஆகாத சிஆர்2032. 5 வோல்ட் கொடுத்தால் அந்தச் செல்லுக்குள் மின்சாரம் ஏறி, நாளடைவில் உப்பிக் கசியும். 3.3 வோல்ட் கொடுத்தால் அந்தப் பிரச்சினை எழாது. 5 வோல்ட்தான் என்றால், 201 என்று அச்சிட்ட சின்ன ரெசிஸ்டரை சால்டரிங் அயர்னால் எடுத்துவிடுங்கள்.

இனி எல்லோரும் விழும் குழி. கடிகாரத்துக்கான லைப்ரரியோடு (தயார் நிரல் தொகுப்பு) வரும் மாதிரிப் புரோகிராமில், கடிகாரம் மின்சாரம் இழந்திருந்தால் மட்டும் நேரத்தைத் திருத்து என்று ஒரு நிபந்தனை இருக்கும். திருத்தும் நேரம், புரோகிராமை நீங்கள் கம்பைல் செய்த, அதாவது கணினியில் போர்டுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றிய, நேரம். அவசரத்தில் அந்த வரியை நிபந்தனைக்கு வெளியே வைத்துவிட்டால், போர்டு ஒவ்வொரு முறை ரீசெட் ஆகும்போதும் கடிகாரம் கம்பைல் நேரத்துக்கே திரும்பிப் போகும். மேசையில் தெரியாது. அங்கே ரீசெட் ஆவதே இல்லை.

என் முதல் லாகரில் நவம்பர் மேகமூட்டத்தில் பேட்டரி இறங்கி இறங்கி ஏறியது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கடிகாரம் அக்டோபர் 14, காலை 11:42க்குப் போய் நின்றது. கார்டை எடுத்துப் பார்த்தால் மூன்று வாரத்து மழையும் அக்டோபர் 14 அன்றே பெய்திருந்தது.

தீர்வு எளிது. நேரம் வைக்க ஒரு புரோகிராம், பதிவு செய்ய இன்னொரு புரோகிராம். முதலாவதை ஏற்றி நேரத்தை வைத்துவிட்டு இரண்டாவதை ஏற்றுங்கள். இரண்டாவதில் நேரம் திருத்தும் வரியே இருக்கக் கூடாது. பிறகு மின்சாரத்தைப் பிடுங்கி ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி கொடுத்து, கைப்பேசி நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஓரிரு விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பட்டன் செல்லைப் பாருங்கள்.

வைஃபை வழியாக இணையத்திலிருந்து நேரம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கிருந்து வருவது யுடிசி எனும் உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. உங்கள் பதிவில் நாளின் உச்ச வெப்பம் காலை 9 மணிக்கு என்று வந்தால், அது உண்மையில் பிற்பகல் 2:30.

## 4. கார்டில் எதை, எப்படி எழுதுவது

கார்டை ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் செய்யுங்கள். பெரிய கார்டு தேவையில்லை. ஒரு வரி சுமார் 50 பைட், ஒரு நாளைக்கு 144 வரி, வருடத்துக்கு மூன்று எம்பிகூட வராது.

மாதத்துக்கு ஒரு கோப்பு. ஒரு கோப்பு கெட்டால் ஒரு மாதம்தான் போகும்.

ஒவ்வொரு வரிக்கும் கோப்பைத் திற, எழுது, மூடு. திறந்தே வைத்துக்கொண்டு எழுதினால் மின்சாரம் போகும் நொடியில் கடைசி வரிகள் மட்டுமல்ல, சமயத்தில் கோப்பே போய்விடும்.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: 2025-11-03 18:40:00. நாளையும் மாதத்தையும் சாய்கோடு போட்டு 03/11 என்று எழுதினால், உங்கள் கணினி நவம்பர் 3 என்று படிக்கும். வேறொருவர் கணினி மார்ச் 11 என்று படிக்கும். 12ஆம் தேதிக்கு மேல் அதுவே திருந்திக்கொண்டு பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் நிற்கும். அதைப் பிரித்தெடுப்பது நரகம்.

சென்சார் பதில் சொல்லாதபோது அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் என்பதும் ஓர் அளவுதான்; சராசரியில் கலந்துவிடும். மண் வெப்பத்துக்கு டிஎஸ்18பி20 சேர்ப்பவர்கள் இரண்டு எண்களை நினைவில் வையுங்கள்: மைனஸ் 127 வந்தால் வயர் அறுந்திருக்கிறது, சரியாக 85 வந்தால் சென்சார் அளக்கும் முன்பே நீங்கள் படித்துவிட்டீர்கள். இரண்டையும் புரோகிராமே வடிகட்டட்டும்.

பேட்டரி வோல்டேஜையும் ஒரு பத்தியாக எழுதுங்கள். பிற்பாடு ஏதாவது விசித்திரமாகத் தெரிந்தால் முதலில் பார்க்கப்போவது அந்தப் பத்தியைத்தான்.

## 5. உப்புச் சோதனை

ஈரப்பதச் சென்சாரை ஆய்வகம் இல்லாமல் சோதிக்க மிக நம்பகமான வழி உப்பு. சோடியம் குளோரைடு நிறைகரைசலுக்கு மேலே, மூடிய இடத்தில், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். 20 முதல் 30 டிகிரி வரை அந்த எண் ஏறக்குறைய அசையாது.

இறுக்கமாக மூடும் சின்ன டப்பா ஒன்று எடுங்கள். அடியில் ஒரு மூடியில் உப்பை வைத்து, சொட்டுச் சொட்டாகச் சுத்தமான தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலே தண்ணீர் தேங்கி, உப்பு தெரியாமல் போனால் தண்ணீர் அதிகம். இன்னும் கொஞ்சம் உப்பு போடுங்கள். சென்சார் அதைத் தொடாமல் மேலே தொங்கட்டும். வயர் வெளியே வரும் ஓட்டையைப் பிளாஸ்டிசினால் (குழந்தைகள் விளையாடும் களிமண்) அடையுங்கள். ஓர் இரவு முழுக்க, மின்விசிறிக்கும் ஜன்னலுக்கும் தள்ளி வையுங்கள்.

சமையலறைக் கல் உப்பு வேண்டாம். அதில் மக்னீசியம் உப்புகள் ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி சீக்கிரமே நீர்விட்டுக்கொள்வதில் அதற்கும் பங்குண்டு. அந்தக் கலப்பு, டப்பாவின் ஈரப்பதத்தை 75க்குக் கீழே இழுத்துவிடும். நல்ல சென்சாரைத் தப்பென்று நினைப்பீர்கள். ரசாயனக் கடையில் சுத்தமான சோடியம் குளோரைடு கேட்டு வாங்குங்கள்.

இரண்டு சென்சாரையும் ஒரே டப்பாவில், ஒரே இரவில் வைப்பது முக்கியம். காலையில் ஒன்று 76.1, மற்றது 74.4 என்று காட்டினால் இரண்டுமே இந்தச் சென்சாருக்குச் சொல்லப்படும் 2 சதவீதப் பிழை வரம்புக்குள்தான் இருக்கின்றன. எண்களையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள். புரோகிராமுக்குள் போய்த் திருத்தம் சேர்க்காதீர்கள். கார்டில் இருப்பது சென்சார் சொன்னதாகவே இருக்கட்டும். திருத்தம் கணக்குப் போடும்போது. புரோகிராமில் திருத்தியவர்கள் பிற்பாடு கணக்குப் போடும் கணினித் தாளிலும் (ஸ்ப்ரெட்ஷீட்) ஒருமுறை திருத்திவிடுவதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: இந்தச் சென்சாரின் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் பாலிமர் படலம் இருக்கிறது. தின்னர், நகப்பூச்சு, புளித்த வாடை அடிக்கும் சிலிக்கான் பசை ஆகியவற்றின் ஆவி அதைக் கெடுக்கும். பசை வேலையும் பெயின்ட் வேலையும் சென்சார் இல்லாத அறையில் முடித்து, ஒரு நாள் காயவிட்டு, பிறகு சென்சாரைப் பொருத்துங்கள். பசை வாங்கும்போது 'நியூட்ரல்' வகை கேளுங்கள்.

## 6. மழைமானியை எண்ண வைத்தல்

டிப்பிங் பக்கெட் என்பது ஊஞ்சல் மாதிரி இரண்டு குழி வைத்த ஒரு கரண்டி. புனலில் விழும் மழை ஒரு குழியை நிரப்பும், நிரம்பியதும் கவிழும், கவிழும்போது காந்தம் ஒரு ரீட் ஸ்விட்சை (காந்தம் பக்கத்தில் வந்தால் மூடும் ஸ்விட்ச்) கடக்கும். ஒரு கவிழ்ப்புக்கு ஒரு எண்.

பெட்டியில் ஒரு கவிழ்ப்புக்கு இத்தனை மி.மீ. என்று போட்டிருக்கும். நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். புனலின் வாய் 11 செ.மீ.க்கு 5 செ.மீ. என்றால் பரப்பு 55 சதுர செ.மீ. அதில் 100 மி.லி. தண்ணீர் விட்டால் அது 18.18 மி.மீ. மழைக்குச் சமம். 65 முறை கவிழ்ந்தால் ஒரு கவிழ்ப்பு 0.28 மி.மீ.

தண்ணீரை எப்படி விடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டம்ளரிலிருந்து ஊற்றினால் கரண்டி கவிழும் அந்த நேரத்துக்குள் விழும் தண்ணீர் கணக்கில் வராமல் போகும். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் செட்டை ஒரு பாட்டிலில் பொருத்தி, சக்கரத்தைத் திருகி, 100 மி.லி. அரை மணி நேரத்தில் இறங்கும்படி வையுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். செய்வதற்கு முன் ரசமட்டம் வைத்து மட்டம் பாருங்கள். கரண்டி சாய்ந்திருந்தால் ஒரு பக்கக் குழி சீக்கிரமும் மறு பக்கக் குழி தாமதமாகவும் கவிழும்.

அடைமழையில் நிஜமாகவே வானமே டம்ளரிலிருந்து ஊற்றுகிறது. அப்போது டிப்பிங் பக்கெட் குறைத்துத்தான் காட்டும். பக்கத்தில் கண்ணாடி மழைமானி இருந்தால் மொத்தத்தை அது சொல்லும், எந்த நேரத்தில் எவ்வளவு என்பதை இது சொல்லும்.

ரீட் ஸ்விட்ச் ஒரு முறை மூடும்போது நடுங்கி இரண்டு மூன்று முறை மூடியதாகக் காட்டும். ஒரு கவிழ்ப்புக்குப் பின் 200 மில்லி விநாடி வரை வரும் எதையும் எண்ணாதே என்று புரோகிராமில் சொல்லுங்கள். நிஜ மழையைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். மணிக்கு 120 மி.மீ. என்ற கொட்டும் மழையிலும் எட்டு விநாடிக்கு ஒருமுறைதான் கவிழும்.

பேட்டரியை மிச்சப்படுத்த, ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே போர்டு தூங்கும்; எண்ணிக்கையை அந்தத் தூக்கத்தில் அழியாத நினைவகத்தில் வைப்பீர்கள். அது தூக்கத்தைத் தாங்கும், மின்வெட்டைத் தாங்காது. அதனால் மொத்த எண்ணிக்கையை எழுதாமல், ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் எத்தனை கவிழ்ப்பு என்று எழுதிவிட்டுப் பூஜ்யமாக்குங்கள். மின்சாரம் போனாலும் பத்து நிமிடம்தான் நஷ்டம்.

## 7. மின்சாரம்

பேட்டரிக்குத் தொடராக மல்டிமீட்டரை வைத்து, போர்டு தூங்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். சிப் மட்டும் தூக்கத்தில் மைக்ரோஆம்ப் கணக்கில்தான் எடுக்கும். ஆனால் போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கும் யுஎஸ்பி சிப்பும் ரெகுலேட்டரும் தூங்குவதில்லை. 10 மில்லிஆம்ப் காட்டினால் ஒரு நாளைக்கு 240 மில்லிஆம்ப்-மணி. 2600 என்று போட்ட பேட்டரி, வெயிலே இல்லாமல் பதினோரு நாள்கூடத் தாங்காது. வடகிழக்குப் பருவமழையில் ஒரு வாரம் சூரியன் வராமலிருப்பது புதிதல்ல. விளக்கைச் சால்டர் வைத்து எடுத்துவிடுங்கள், அல்லது குறைந்த மின்சாரம் எடுக்கும் போர்டாகப் பார்த்து வாங்குங்கள்.

வோல்டேஜ் 3.4க்குக் கீழே போனால் கார்டில் எழுதாமல் தூங்கிவிடச் சொல்லுங்கள். எழுதும் நொடியில்தான் கார்டு அதிகம் இழுக்கும். பாதி எழுதி மின்சாரம் விழுந்தால் கார்டு கெடும்.

லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் மூடிய பெட்டி அதைச் சுலபமாகத் தாண்டும். பெட்டி எப்போதும் பேனலின் நிழலில், இடையில் நாலு விரல் இடைவெளியோடு.

## 8. ஏழு நாள் மேசையில்

எல்லாவற்றையும் இணைத்து, ஜன்னலோர மேசையில் ஏழு நாள் விடுங்கள். நோண்டாமல் விடுவதுதான் சோதனை. மூன்றாம் நாள் மட்டும் வேண்டுமென்றே பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். ஐந்தாம் நாள் சென்சார் வயரை ஒரு மணி நேரம் பிடுங்கிவையுங்கள்.

ஏழாம் நாள் கோப்பைத் திறந்தால் 1008 வரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பேட்டரி கழற்றிய இடத்தில் ஓரிரு வரி இல்லாமல், நேரம் மட்டும் சரியாகத் தொடர வேண்டும். சென்சார் இல்லாத ஆறு வரிகள் காலியாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியென்றால் வயலுக்குப் போகலாம். ஒன்று தப்பினாலும் திருத்திவிட்டு மறுபடி ஏழு நாள். பொறுமை போகும், தெரியும். வரப்பில் குந்திக்கொண்டு லேப்டாப்பைத் தொடையில் வைத்துத் திருத்துவதற்கு இது மேல்.

பிரெட்போர்டிலேயே (சால்டர் இல்லாமல் வயரைச் செருகும் பலகை) வைத்து வயலுக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. ஜம்பர் வயர் காற்றின் ஈரத்தில் பச்சை பூத்து இரண்டு மாதத்தில் தொடர்பு விடும். இந்த வாரத்துக்குள் எல்லாவற்றையும் சால்டர் செய்துவிடுங்கள்.

## 9. சென்சாருக்குக் கூண்டு, போர்டுக்குப் பெட்டி

இரண்டும் வேறு வேறு. சென்சாரைப் போர்டோடு ஒரே பெட்டியில் அடைத்தால் நீங்கள் அளப்பது பெட்டியின் சூட்டை. சென்சாருக்கு வெயில் படக் கூடாது, மழை படக் கூடாது, காற்று மட்டும் தடையில்லாமல் வந்துபோக வேண்டும்.

கூண்டைச் செடித்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளால் செய்யலாம். எட்டுத் தட்டு. மேலே இருக்கும் இரண்டையும் முழுசாக விடுங்கள். மற்றவற்றின் நடுவில் டம்ளர் அளவுக்கு வட்டமாக வெட்டுங்கள். கவிழ்த்து அடுக்கி, மூன்று மரையாணிக் கம்பியில் கோத்து, தட்டுக்குத் தட்டு இரண்டு செ.மீ. இடைவெளி வரும்படி குழாய்த் துண்டு போடுங்கள். சென்சார் நடுவில் தொங்கும். பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் சென்சார் தெரியக் கூடாது; தெரிந்தால் மாலை வெயிலுக்கும் அது தெரியும்.

சென்சாரிலிருந்து போர்டுக்குப் போகும் வயர் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். இந்த வகை இணைப்பு நீளம் தாங்காது; நீண்டால் காலி வரிகள் கூடும்.

பெட்டியில் வயர் நுழையும் ஓட்டைகள் எல்லாம் அடிப்பக்கம்தான். நுழைவதற்கு முன் வயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பை.

## 10. கம்பமும் இடமும்

சென்சார் தரையிலிருந்து 1.2 முதல் 2 மீட்டர் உயரத்தில். சிமென்ட் களம், மோட்டார் கொட்டகைச் சுவர், தகரக் கூரை மூன்றிலிருந்தும் தள்ளி. மழைமானி, பக்கத்தில் உள்ள மரத்தின் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரத்தில். நான்கு மடங்கு கிடைத்தால் நல்லது. ஆறு மீட்டர் தென்னங்கன்றுக்குப் பன்னிரண்டு மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், கன்று வளரும் என்பதையும் சேர்த்து.

மழைமானிக்குத் தனிக் கம்பம் வேண்டும். ஒரே கம்பத்தில் வைத்தால் கூண்டில் காற்று மோதும் ஆட்டத்தில் மழை இல்லாமலே கரண்டி கவிழும். கம்பத்தைக் கான்கிரீட்டில் நிறுத்தி, சுற்றி இரண்டு முள்கம்பி ஓட்டுங்கள். "தம்பி, மாடு முதுகு தேய்க்க நல்லா ஒரு கம்பம் நட்டிருக்கீங்க" என்று பக்கத்து வயல்காரர் சிரித்தபோது எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் ரசமட்டத்துக் குமிழி ஓரத்துக்குப் போயிருந்தது.

இரட்டைவால் குருவி எந்தக் கம்பத்தைக் கண்டாலும் உட்காரும். அதன் எச்சம் புனலை அடைக்கும். புனலின் விளிம்பைச் சுற்றி கேபிள் டையைக் கட்டி, வால்களை வெட்டாமல் மேல்நோக்கி முள் மாதிரி விடுங்கள். பூச்சியைப் பிடிக்க வயலில் நடும் டி வடிவக் குச்சியை லாகரைவிட உயரமாகப் பத்தடி தள்ளி ஒன்று நட்டால் குருவி அங்கே போய்விடும்.

எறும்புக்குக் கம்பத்தின் அடியில் கிரீஸ் தடவிய துணி. கிளாண்டில் வயரைச் சுற்றி இடுக்கு இருந்தால் அதன் வழியாக வந்து பெட்டிக்குள் முட்டை வைக்கும்.

## 11. நோட்டு

நோட்டு இல்லாத லாகர் பாதி லாகர். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

'நவ. 9, காலை 8:34. லாகர் நேரம் 8:33:56. கண்ணாடி மழைமானி 31 மி.மீ. புனலில் வேப்பிலை இரண்டு, எடுத்தேன். எடுக்கும்போது கரண்டி மூன்று தரம் கவிழ்ந்தது, அது மழை அல்ல. பேட்டரி 3.91.'

அந்த மூன்று கவிழ்ப்பு எழுதாமல் விட்டிருந்தால் கிட்டத்தட்ட 0.8 மி.மீ. பொய் மழை நிரந்தரமாகப் பதிவாகியிருக்கும். கருவியைத் தொட்ட ஒவ்வொரு நிமிடத்தையும் எழுதுங்கள். கடிகாரத்தைத் திருத்தினால் பழைய நேரம், புதிய நேரம் இரண்டையும்.

## 12. பராமரிப்பு

நிறுத்திய மூன்றாம் நாள் கட்டாயம் போய்ப் பாருங்கள். வீட்டில் தெரியாத தவறுகள் முதல் மூன்று நாளில் வெளிவந்துவிடும்.

பிறகு வாரம் ஒருமுறை புனல், மட்டம், கண்ணாடி மழைமானி. மழை நாள்களில் தினமும் காலை 8:30க்கு. இடி இடிக்கும்போது மட்டும் கம்பத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள். ஓர் அளவு போனால் போகட்டும்.

மாதம் ஒருமுறை கார்டை மாற்றுங்கள். அதே கார்டில் கோப்பை அழித்துத் திருப்பி வைக்காமல், வேறு கார்டைப் போட்டு, எடுத்த கார்டை வீட்டில் இரண்டு இடத்தில் நகலெடுத்த பிறகே துடையுங்கள். கூண்டுக்குள் சிலந்தி வலை இருக்கும். மெல்லிய தூரிகையால் எடுக்கலாம், சென்சாரின் துளையை ஊதவோ துடைக்கவோ வேண்டாம்.

சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால் புதுப் பை வையுங்கள். நீல நிற மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கிறது; அதைச் சமையல் வாணலியில் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தும் வழக்கம் வேண்டாம்.

புரட்டாசியில், அதாவது செப்டம்பர் கடைசிக்குள், பெரிய வேலை: சென்சாரைக் கழற்றி அலமாரிச் சென்சாரோடு மறுபடி உப்பு டப்பா, மழைமானிக்கு மறுபடி சலைன் செட், ரப்பர் வளையம், தட்டுகளின் அழுக்கு. அக்டோபரில் மழை தொடங்கிய பிறகு இதைச் செய்ய நேரம் கிடைக்காது. இரண்டு சென்சாருக்கும் இடையே வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால் வயல் சென்சாருக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

## 13. மழையைக் கூட்டும்போது எட்டரை மணி

எல்லாம் சரியாக நடந்து, கடைசியில் கணக்கில் தப்பு வரும் இடம் இது. கணினித் தாளில் நாள்வாரியாகக் கூட்டு என்றால் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கூட்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் காலை 8:30க்கு முடியும் 24 மணி நேரம். 18ஆம் தேதி மழை என்றால் 17ஆம் தேதி காலை 8:30 முதல் 18ஆம் தேதி காலை 8:30 வரை பெய்தது.

இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியற்காலை 6 வரை 70 மி.மீ. பெய்தது என்று வையுங்கள். நள்ளிரவுக் கணக்கில் ஒரு நாளைக்கு 25, மறுநாளைக்கு 45. 64.5 மி.மீ. தொட்டால்தான் கன மழை; உங்கள் தாளில் கன மழையே இல்லை. எட்டரை மணிக் கணக்கில் எழுபதும் ஒரே நாளில் விழும்.

தாளில் செய்ய ஒரு குறுக்கு வழி: ஒவ்வொரு வரியின் நேரத்தோடும் 15 மணி 25 நிமிடம் கூட்டி, வரும் தேதியை மழைநாளாக எடுங்கள். பதினைந்தரை மணி என்று கூட்டினால், 8:30 வரை பெய்ததைச் சொல்லும் 8:30 வரி அடுத்த நாளுக்குத் தாவிவிடும். ஐந்து நிமிடம் குறைத்தால் அது தன் நாளிலேயே நிற்கும், கடிகாரம் நாலைந்து விநாடி முன்பின் இருந்தாலும்.